இயங்குதள நினைவகத்தில் பூட்டும் பந்தயமும்: அடிப்படையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் கணினியியல் படிக்கும் மாணவர்களுக்கு இயங்குதளப் பாடத்தில் நினைவக மேலாண்மை ஒரு பகுதியாகவும் ஒத்திசைவு இன்னொரு பகுதியாகவும் வந்து சேர்கின்றன. தேசியப் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்2106 பாடத்திலும் இரண்டும் உண்டு. தனித்தனியாகப் படிக்கும்போது இரண்டும் புரிந்துவிடும். சந்திக்கும் இடத்தில்தான் திணறல். வார இறுதியில் நூலகத்தில் கூடிப் படிக்கும் பிள்ளைகள் நிரலைத் திரையில் காட்டிக் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, இந்த இடத்தில் பூட்டுப் போட வேண்டுமா?"

"தம்பி, நீ எதைப் பார்த்தாய், அதை நம்பி எதைச் செய்யப் போகிறாய்? அதை முதலில் சொல்" என்று நான் திருப்பிக் கேட்பேன். பார்த்த நொடிக்கும் செய்த நொடிக்கும் நடுவே இன்னொருவர் உள்ளே நுழைய முடிந்தால் அதுதான் பந்தய நிலை. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விட்டு அதைத் தடுப்பது பூட்டு. நினைவக மேலாண்மையில் இதுவரை வந்த பெரிய ஓட்டைகள் பலவற்றை அந்த இடைவெளியில்தான் கண்டெடுத்திருக்கிறார்கள். அதைக் கண்ணால் பார்க்கப் பழகுவதற்கே இந்த வழிகாட்டி. சி மொழியில் சுட்டிகளும் இணைப்புப் பட்டியலும் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: கையில் அடங்கும் ஒரு கெர்னலை எடுத்துக்கொள்ளுங்கள்

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. லினக்ஸ் கெர்னலில் நேரே குதிக்க வேண்டாம். எம்ஐடி பல்கலைக்கழகம் கற்பித்தலுக்காக எழுதிய எக்ஸ்வி6 என்னும் சிறிய இயங்குதளம் இலவசமாகக் கிடைக்கிறது. ரிஸ்க்-வி கட்டமைப்புக்கு எழுதப்பட்ட அதைக் கியூஎமு என்னும் மாதிரி இயந்திரத்தின் மேல் உங்கள் மடிக்கணினியிலேயே ஓட்டலாம். வழக்கமாக மூன்று கோர்களோடு (ஒரே நேரத்தில் தனித்தனியாக நிரலை ஓட்டும் செயலி அலகுகள்) அது எழும்பும்.

நினைவகத்தைச் சம அளவுப் பக்கங்களாகப் பிரித்துக் கொடுக்கும் அதன் பக்க ஒதுக்கீட்டு நிரல் கேஅல்லாக் என்ற ஒரே கோப்பில், நூறு வரிக்கும் குறைவாக இருக்கிறது. காலியாக உள்ள 4,096 பைட் பக்கங்கள் எல்லாம் ஒரே இணைப்புப் பட்டியலில் கோக்கப்பட்டிருக்கும். பக்கம் வேண்டுமென்றால் தலையில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும், திரும்ப வந்தால் தலையில் சேர்க்கும். அடுத்த பக்கத்தின் முகவரி காலிப் பக்கத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சேதம் புரிய அது தேவை.

படி 2: பூட்டைக் கழற்றிவிட்டு உடைத்துப் பாருங்கள்

ஒதுக்கும் செயற்கூறிலும் விடுவிக்கும் செயற்கூறிலும் பூட்டை எடுக்கும் வரியையும் விடும் வரியையும் நீக்குங்கள். நான்கைந்து சேய்ச் செயல்முறைகளை உருவாக்கி, ஒவ்வொன்றும் நினைவகத்தைக் கேட்பதும் எழுதுவதும் விடுவிப்பதுமாகச் சுழலும்படி ஒரு சிறு நிரல் எழுதி ஓட்டுங்கள்.

காலிப் பட்டியலின் தலையில் 'அ' என்ற பக்கம், அதன் பின்னால் 'ஆ' என்று வைத்துக்கொள்வோம். நடப்பது இது:

கோர் 0: தலையைப் படிக்கிறது, 'அ' கிடைக்கிறது.
கோர் 1: தலையைப் படிக்கிறது, அதே 'அ' கிடைக்கிறது.
கோர் 0: தலையை 'ஆ' என்று மாற்றுகிறது.
கோர் 1: தலையை 'ஆ' என்று மாற்றுகிறது.

இரண்டு கோர்களுமே 'அ' தனக்குச் சொந்தம் என்று நம்புகின்றன. ஒன்று அதைத் தன் செயல்முறையின் பக்க அட்டவணையாக (நிரலின் முகவரியை உண்மையான நினைவக இடத்துக்குப் பெயர்க்கும் பட்டியல்) வைத்துக்கொள்கிறது. மற்றொன்று அதே பக்கத்தைத் தன் செயல்முறையின் அடுக்காக (ஸ்டாக்) கொடுத்துவிடுகிறது. இப்போது இரண்டாவது செயல்முறை தன் உள்ளூர் மாறியில் ஓர் எண்ணை எழுதினால், அது முதல் செயல்முறையின் முகவரிப் பெயர்ப்பை மாற்றி எழுதுகிறது. கெர்னல் உடனே விழாது. எத்தனையோ அடி தள்ளி, சம்பந்தமே இல்லாத ஒரு கோப்பு வாசிப்பில் விழும். பிழைச் செய்தியைப் பிடித்துக்கொண்டு தேடுகிறவர் கோப்பு முறைமையைக் குடைந்துகொண்டிருப்பார், குற்றவாளியோ ஒதுக்கீட்டு நிரலில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். பந்தயப் பிழைகள் மற்றப் பிழைகளைவிடக் கொடியவை என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

விடுவிக்கும் பக்கத்திலும் இதே கதைதான், விளைவு மட்டும் வேறு. இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் இரண்டு பக்கங்களைத் தலையில் சேர்க்க முயன்றால் ஒன்று பட்டியலிலிருந்து காணாமல் போகும். எதுவும் விழாது, நினைவகம் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

எக்ஸ்வி6 ஒரு நல்ல காரியம் செய்துவைத்திருக்கிறது. ஒதுக்கும்போது பக்கம் முழுவதையும் 5 என்ற பைட்டால் நிரப்பும், விடுவிக்கும்போது 1 என்ற பைட்டால் நிரப்பும். ஆகவே பிழைச் செய்தியில் ஒரு முகவரி 0505050505050505 என்று தெரிந்தால், புதிதாக வாங்கிய பக்கத்தில் எதையும் எழுதாமல் யாரோ படித்திருக்கிறார்கள். 0101010101010101 என்று தெரிந்தால், விடுவித்த பக்கத்தை யாரோ இன்னும் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டு வடிவங்களையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் ஓட்டியும் எதுவும் உடையவில்லையா? தலையைப் படிக்கும் வரிக்கும் மாற்றும் வரிக்கும் நடுவில் ஒரு வெற்றுச் சுழற்சியைச் செருகி இடைவெளியை அகலமாக்குங்கள். தொகுப்பான் அதை நீக்கிவிடாதபடி சுழல் மாறியை வாலட்டைல் என்று அறிவித்துவிடுங்கள். நாள் கணக்கில் மறைந்திருக்கும் பிழை சில நொடிகளில் வெளியே வரும்.

ஒரே கோரில் ஓட்டினால் தப்பித்துக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். எக்ஸ்வி6 கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடிகாரக் குறுக்கீடு வந்து இன்னொரு செயல்முறைக்கு மாறக்கூடும். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே மாற்றம் நிகழ்ந்தால் அதே சேதம்தான்.

படி 3: பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு முறை படித்துவிடுங்கள்

இப்போது பூட்டைத் திரும்பப் போட்டுவிட்டு, ஸ்பின்லாக் (கிடைக்கும் வரை சுழன்றுகொண்டே காத்திருக்க வைக்கும் பூட்டு) கோப்பைத் திறந்து பூட்டை எடுக்கும் செயற்கூறைப் படியுங்கள். மூன்று காரியங்கள் அங்கே நடக்கின்றன, அந்த வரிசை முக்கியம்.

முதலில் அந்தக் கோரில் குறுக்கீடுகளை நிறுத்துகிறது. நிறுத்தாவிட்டால், பூட்டை வைத்திருக்கும்போதே குறுக்கீடு வந்து, அதைக் கவனிக்கும் நிரலும் அதே பூட்டைக் கேட்டால், அந்தக் கோர் தனக்காகத் தானே முடிவின்றிக் காத்திருக்கும். அடுத்து, பிரிக்க முடியாத ஒரே கட்டளையில் பூட்டின் மதிப்பை 1 ஆக மாற்றி, பழைய மதிப்பைத் திரும்ப வாங்குகிறது. பழையது 0 என்றால் பூட்டு நமக்கு, 1 என்றால் மீண்டும் முயற்சி. மூன்றாவதாக ஒரு நினைவகத் தடுப்பு. இதற்குக் கீழே உள்ள படிப்பையும் எழுத்தையும் தொகுப்பானோ கோரோ மேலே நகர்த்தக் கூடாது என்று அது சொல்கிறது.

மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். எக்ஸ்86 கோர்கள் நினைவக வரிசையைப் பெருமளவு கட்டிக்காப்பவை. நம் கைப்பேசிகளில் இருக்கும் ஆர்ம் கோர்களும் ரிஸ்க்-வி கோர்களும் அந்த அளவுக்கு வரிசையைக் காப்பதில்லை. ஆகவே தடுப்பை விட்டுவிட்டு எழுதிய நிரல் மேசைக் கணினியில் ஒழுங்காக ஓடி, கைப்பேசியில் உடையும்.

தேக்கா சந்தையின் உணவுக் கடைகளில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடிக்கிறோம். அந்தப் பொட்டலம் யாரையும் தடுக்கும் வல்லமை உடையதா? இல்லை. எல்லாரும் அதை மதிப்பதால் இடம் நிற்கிறது. கெர்னல் பூட்டும் அவ்வளவுதான். பட்டியலின் தலையைத் தொடும் ஒவ்வொரு வரியும் அதே பூட்டை எடுத்திருக்க வேண்டும். ஒரே ஒரு வரி எடுக்காமல் தொட்டாலும் மற்ற எல்லாரும் எடுத்த பூட்டால் பயனில்லை.

படி 4: பூட்டுக்கு எதிரே வாக்குறுதியை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு பூட்டின் பெயரையும் எழுதி, எதிரே அது எந்தத் தரவைக் காக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "இந்தச் செயற்கூறைக் காக்கிறது" என்று எழுதினால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். எக்ஸ்வி6 ஒதுக்கீட்டுப் பூட்டுக்கு எதிரே வர வேண்டிய வாக்கியம்: "காலிப் பட்டியலின் தலையையும், பட்டியலில் இருக்கும் பக்கங்களுக்குள் எழுதப்பட்ட அடுத்த முகவரிகளையும் காக்கிறது."

இப்படி எழுதியதும் ஒரு விஷயம் தெளிவாகும். ஒதுக்கும் செயற்கூறு பூட்டை விட்ட பிறகுதான் பக்கத்தை 5 என்ற பைட்டால் நிரப்புகிறது. அது தவறா? இல்லை. பட்டியலிலிருந்து கழன்ற நொடியில் அந்தப் பக்கம் பொதுச்சொத்தாக இருப்பது முடிந்துவிட்டது. அதைத் தொடப் பூட்டு தேவையில்லை. 4,096 பைட் நிரப்பும் வேலையைப் பூட்டுக்கு வெளியே வைத்ததால் மற்றக் கோர்கள் காத்திருக்கும் நேரமும் குறைகிறது. இந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள், படி 8 வரை கூடவே வர வேண்டும்.

படி 5: ஒரு பூட்டைப் பல பூட்டாகப் பிரித்துப் பாருங்கள்

எல்லாக் கோர்களும் ஒரே பூட்டுக்கு வரிசை நின்றால் வேகம் போய்விடும். எம்ஐடியின் பயிற்சிகளில் ஒன்று இதற்காகவே இருக்கிறது: கோர் ஒன்றுக்கு ஒரு காலிப் பட்டியலும் ஒரு பூட்டும் அமைக்க வேண்டும், தன் பட்டியல் காலியானால் பக்கத்துக் கோரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கடன் வாங்கும் இடத்தில்தான் பொறி இருக்கிறது. கோர் 0 தன் பூட்டை வைத்துக்கொண்டு கோர் 1-இன் பூட்டைக் கேட்கிறது. அதே நேரத்தில் கோர் 1 தன் பூட்டை வைத்துக்கொண்டு கோர் 0-இன் பூட்டைக் கேட்கிறது. இரண்டும் நகராது. இதைத்தான் முட்டுக்கட்டை என்கிறோம். எளிய வழி, தன் பூட்டை விட்ட பிறகு அடுத்தவர் பூட்டைக் கேட்பது. ஆனால் விட்ட நொடியிலிருந்து உங்கள் பட்டியலைப் பற்றி நீங்கள் அறிந்தவை எல்லாம் பழைய செய்தி. திரும்பி வரும்போது மீண்டும் பார்க்க வேண்டும். நான் எந்தக் கோரில் ஓடுகிறேன் என்ற எண்ணும் அப்படித்தான், குறுக்கீட்டை நிறுத்திய பிறகு கேட்டால் மட்டுமே அதை நம்பலாம்.

லினக்ஸும் இதே பாதையில் வந்ததுதான். நினைவக மண்டலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு உண்டு. அதைத் தொடாமலேயே பெரும்பாலான ஒற்றைப் பக்கக் கோரிக்கைகளை முடிக்கக் கோர் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கப் பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

படி 6: லினக்ஸில் ஒரு பக்கப் பிழையைப் பின்தொடருங்கள்

ஒரு செயல்முறையின் இரண்டு இழைகள் (ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து இணையாக ஓடும் பகுதிகள்), இதுவரை தொடாத ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் தொடுகின்றன. இரண்டுக்கும் பக்கப் பிழை வருகிறது, அதாவது அந்த முகவரிக்குப் பக்கம் இல்லை என்று வன்பொருள் கெர்னலை அழைக்கிறது. இரண்டுமே அட்டவணையில் அந்த இடம் காலி என்று பார்க்கின்றன. ஆளுக்கொரு பக்கத்தைப் பொருத்தினால், முதலில் பொருத்தியவர் எழுதிய தரவு காணாமல் போகும்.

பக்க அட்டவணைப் பூட்டை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. அது ஸ்பின்லாக், அதைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது, அதாவது கோரை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. புதிய பக்கம் ஒதுக்குவதோ, நினைவகம் குறைவாக இருந்தால் பழைய பக்கங்களை வட்டுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கி எழுந்து வரும் வேலை. எனவே லினக்ஸ் இந்த வரிசையில் போகிறது:

அட்டவணை இடம் காலியா என்று பார்.
பூட்டு இல்லாமலேயே ஒரு பக்கத்தை ஒதுக்கிச் சுத்தம் செய்.
அட்டவணைப் பூட்டை எடு.
இடம் இன்னும் காலியா என்று மீண்டும் பார்.
காலி என்றால் பொருத்து. இல்லையென்றால் உன் பக்கத்தைத் திருப்பிக் கொடு.
பூட்டை விடு.

நான்காவது வரிதான் உயிர்நாடி. முதல் வரியில் பார்த்தது ஒரு ஊகம், நான்காவது வரியில் பார்ப்பது சாட்சி. தோற்ற இழை தான் ஒதுக்கிய பக்கத்தை வீணாக்குகிறதே என்று வருந்த வேண்டியதில்லை, அது எப்போதாவதுதான் நடக்கும். லினக்ஸின் நினைவகக் கோப்புகளைப் படிக்கும்போது "பூட்டை எடு, மீண்டும் பார்" என்ற இந்த வடிவம் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். மறுபார்வை இல்லாத இடம் கண்ணில் பட்டால் அங்கே நின்று யோசியுங்கள்.

படி 7: டர்ட்டி கௌவை வரி வரியாகப் படியுங்கள்

2016 அக்டோபரில் வெளியான சிவிஇ-2016-5195 என்ற பட்டியல் எண்ணுள்ள பாதுகாப்பு ஓட்டைக்கு டர்ட்டி கௌ என்று பெயர் வைத்தார்கள். ஃபில் ஓஸ்டர் என்பவர் கண்டுபிடித்தது. 2007-இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து கெர்னலில் இருந்தது. சாதாரணப் பயனர் ஒருவர், தனக்குப் படிக்க மட்டுமே உரிமை உள்ள கோப்பில் எழுத முடிந்தது. அதாவது கணினி முழுவதையும் கைப்பற்ற முடிந்தது. பந்தய நிலையைக் கற்க இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை, ஆகவே நிதானமாகப் போவோம்.

ஒரு கோப்பைத் தனி வரைபடமாக நினைவகத்தில் விரித்தால், அதில் எழுதும்போது கெர்னல் பக்கத்தைப் படியெடுத்து அந்தப் படியில்தான் எழுதும். மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. தாக்குபவர் இரண்டு இழைகளை ஓட்டுகிறார்.

முதல் இழை, தன் செயல்முறையின் நினைவகத்தைக் கோப்பாகக் காட்டும் சிறப்பு வழியாக அந்த முகவரியில் எழுதச் சொல்கிறது. எழுதுவது தனிப்படியில்தானே என்பதால் கெர்னல் அனுமதிக்கிறது. "எழுதும் நோக்கம்" என்ற குறியோடு பக்கத்தைத் தேடுகிறது, இல்லையென்று பக்கப் பிழைக்குப் போகிறது, அங்கே தனிப்படி தயாராகிறது. வரைபடத்துக்கு எழுத்துரிமை இல்லாததால் அட்டவணையில் அந்தப் படி படிக்க மட்டுமே உரியதாகக் குறிக்கப்படுகிறது. இனி எழுதும் நோக்கத்தோடு தேடினால் மீண்டும் மீண்டும் பிழைதான் வரும். அதனால் பழைய கெர்னல் ஒரு முடிவெடுத்தது: படி எடுத்தாகிவிட்டது, இனி எழுதும் நோக்கக் குறியை நீக்கிவிட்டுத் தேடுவோம்.

அந்த இடைவெளியில் இரண்டாவது இழை, "இந்தப் பகுதி எனக்கு வேண்டாம்" என்று கெர்னலிடம் சொல்கிறது. தனிப்படி தூக்கி எறியப்படுகிறது, அட்டவணை இடம் காலியாகிறது.

முதல் இழை மீண்டும் தேடுகிறது. இடம் காலி. இப்போது கையில் எழுதும் நோக்கக் குறி இல்லை, படிக்கும் தேவை மட்டும் என்று கெர்னல் நினைக்கிறது. படிக்கத்தானே என்று கோப்பின் அசல் பக்கத்தையே கொண்டுவந்து பொருத்துகிறது. பிறகு, எழுதச் சொன்ன தரவை அதில் எழுதிவிடுகிறது.

இங்கே பூட்டே இல்லையா? எல்லா இடத்திலும் இருந்தது. முகவரி வெளியின் பூட்டை இரண்டு இழைகளும் படிப்பவர்களாக எடுத்திருந்தன. படிப்பவர்கள் எத்தனை பேரும் ஒன்றாக உள்ளே இருக்கலாம். அட்டவணைப் பூட்டும் ஒவ்வொரு அடியிலும் முறையாக எடுக்கப்பட்டு விடப்பட்டது. இரண்டு அடிகளுக்கு நடுவே கெர்னல் சுமந்து வந்த நம்பிக்கைதான் பழையதாகிப் போனது.

திருத்தத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்பு. புதிய பூட்டு எதுவும் சேர்க்கவில்லை. எழுதும் நோக்கத்தை நீக்குவதை நிறுத்தினார்கள். "படி எடுத்தாகிவிட்டது" என்பதற்குத் தனிக்குறி ஒன்றை வைத்தார்கள். அந்தக் குறி இருந்தாலும், அட்டவணையில் அந்தப் பக்கம் மாற்றப்பட்ட பக்கமாகக் குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே எழுதவிட்டார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே தான் இதைச் சரிசெய்ய முயன்றதாகவும், ஐபிஎம் பெருங்கணினிகளின் எஸ்390 கட்டமைப்பில் எழுந்த சிக்கலால் அது பின்வாங்கப்பட்டதாகவும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் திருத்தக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். மாணவர்கள் அந்தக் குறிப்பைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

படி 8: தரவமைப்பு மாறினால் வாக்குறுதித் தாளையும் திருத்துங்கள்

ஒரு செயல்முறையின் முகவரி வெளி முழுவதற்கும் லினக்ஸில் நெடுங்காலம் ஒரே படிப்பவர்-எழுதுபவர் பூட்டுதான். 2020-இல் வந்த 5.8 பதிப்பில் அதற்கு எம்மேப் லாக் என்று பெயர் மாறியது. 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில், நினைவகப் பகுதிகளைச் சேமித்து வைத்திருந்த மரத்தை எடுத்துவிட்டு மேப்பிள் மரம் என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்தார்கள்.

அடுக்கு தானாக வளரும்போது எம்மேப் லாக்கைப் படிப்பவராக எடுத்தால் போதும் என்பது பழைய வழக்கம். பழைய மரத்தில் அது சரி, ஒரு பகுதியின் தொடக்க முகவரி இருந்த இடத்திலேயே மாறும். மேப்பிள் மரத்தில் அதே வளர்ச்சிக்கு ஒரு கணுவையே நீக்கிப் புதிய கணுவை வைக்க வேண்டி வரலாம். பழைய கணு பின்னர் விடுவிக்கப்படும். எம்மேப் லாக்கைப் படிப்பவராக எடுத்திருக்கும் இன்னொருவர் அந்தப் பழைய கணுவைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். 2023 ஜூலையில் ஸ்டாக்ராட் என்ற பெயரில் வெளியான சிவிஇ-2023-3269 இதுதான். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ருய்ஹான் லி கண்டறிந்தார். அடுக்கை வளர்க்க எழுதுபவர் பூட்டையே எடுக்க வேண்டும் என்று திருத்தினார்கள். பூட்டை எடுக்கும் வரி பல ஆண்டுகளாக அப்படியே இருந்தது. அந்தப் பூட்டு காத்த தரவின் வடிவம்தான் மாறியது.

அதே 2023-இல் 6.4 பதிப்பில் பகுதிக்கு ஒரு பூட்டு என்ற முறை வந்தது. பக்கப் பிழை வரும்போது முகவரி வெளி முழுவதையும் பூட்டாமல், தொட்ட பகுதியை மட்டும் பூட்டினால் போதும். பல இழைகள் ஓடும் நிரல்களுக்குப் பெரிய விடுதலை இது. ஆனால் ஃபோர்க் செய்யும் (ஒரு செயல்முறையின் நகலாகச் சேய்ச் செயல்முறையை உருவாக்கும்) நிரல், "எம்மேப் லாக்கை எழுதுபவராக நான் பிடித்திருக்கிறேன், ஆகவே யாரும் பக்கப் பிழை வழியாக உள்ளே வர முடியாது" என்ற பழைய உறுதியில் எழுதப்பட்டிருந்தது. புதிய முறையில் அந்த உறுதி இல்லை. பல இழைகள் உள்ள நிரல்கள் ஃபோர்க் செய்தபோது நினைவகம் கெட்டது. தாய்ச் செயல்முறையின் ஒவ்வொரு பகுதியையும் பூட்டிய பிறகே படியெடுக்கும்படி திருத்தினார்கள்.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூட்டுக்கு எதிரே எழுதிய வாக்கியம் பொய்யானது எந்த நொடியில் என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தால், பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

படி 9: வன்பொருள் உங்கள் பூட்டை அறியாது

ஒவ்வொரு கோரும் அண்மையில் பயன்படுத்திய முகவரிப் பெயர்ப்புகளை டிஎல்பி என்ற சிறு சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. நீங்கள் பூட்டை எடுத்து அட்டவணையிலிருந்து ஒரு பக்கத்தை நீக்கினாலும், இன்னொரு கோர் தன் டிஎல்பியில் உள்ள பழைய பெயர்ப்பை வைத்து அந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். அதற்குப் பூட்டும் தெரியாது, மறுபார்வையும் தெரியாது.

ஆகவே வரிசை மாறக் கூடாது: முதலில் அட்டவணையிலிருந்து நீக்கு, அடுத்து எல்லாக் கோர்களின் டிஎல்பியிலிருந்தும் அழி, அதன் பிறகே பக்கத்தை விடுவி. நடுப்படிக்குமுன் விடுவித்தால், அந்தப் பக்கம் வேறொரு செயல்முறையின் கைக்குப் போன பின்னும் பழைய ஆள் அதில் எழுதுவார். எக்ஸ்86-இல் நடுப்படிக்கு வழக்கமாகப் பிற கோர்களுக்குக் குறுக்கீடு அனுப்ப வேண்டியிருக்கும், செலவு அதிகம். அதனால் லினக்ஸ் விடுவிக்க வேண்டிய பக்கங்களைச் சேர்த்துவைத்து, ஒரு முறை அழித்துவிட்டு மொத்தமாக விடுவிக்கிறது.

படி 10: பூட்டு வரிசையும் தூக்கமும்

லினக்ஸின் ஆர்மேப் கோப்பைத் திறந்தால் தலைப்பிலேயே எந்தப் பூட்டுக்குள் எந்தப் பூட்டை எடுக்கலாம் என்ற வரிசை எழுதப்பட்டிருக்கும். கோப்பின் ஐநோடு பூட்டு வெளியே, அதற்குள் எம்மேப் லாக், அதற்குள் பக்கத்தின் பூட்டு, இன்னும் உள்ளே போய் அட்டவணைப் பூட்டு என்று போகும். அதை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

நினைவக மேலாண்மைக்கே உரிய ஒரு முட்டுக்கட்டை உண்டு. கோப்பு முறைமை தன் பூட்டைப் பிடித்துக்கொண்டு நினைவகம் கேட்கிறது. நினைவகம் இல்லை. ஒதுக்கீட்டு நிரல், பழைய பக்கங்களை வட்டில் எழுதி இடம் உண்டாக்கலாம் என்று அதே கோப்பு முறைமையை அழைக்கிறது. அது அதே பூட்டைக் கேட்கிறது. நினைவகம் நிறைய இருக்கும் சோதனைக் கணினியில் இது ஒருபோதும் வெளிப்படாது. இதற்காகத்தான் "இடம் உண்டாக்கக் கோப்பு முறைமைக்குள் போகாதே" என்று சொல்லும் ஜிஎஃப்பி நோஎஃப்எஸ் என்ற குறி இருக்கிறது. ஸ்பின்லாக்கைப் பிடித்திருக்கும்போது ஜிஎஃப்பி கெர்னல் குறியோடு நினைவகம் கேட்கவே கூடாது, அது தூங்கக்கூடியது. அங்கே தூங்காத ஜிஎஃப்பி அட்டாமிக் குறிதான்.

படி 11: கருவிகளை ஓடவிடுங்கள்

மூன்று போதும். இங்கோ மோல்நார் எழுதி 2006-இல் 2.6.18 பதிப்பில் வந்த லாக்டெப், பூட்டுகள் எடுக்கப்படும் வரிசையைக் கற்றுக்கொண்டு, முட்டுக்கட்டை இன்னும் நிகழாதபோதே எச்சரிக்கும். 2015-இல் 4.0 பதிப்பில் வந்த கேஏசான், 8 பைட்டுக்கு 1 நிழல் பைட் வைத்து, விடுவித்த நினைவகத்தைத் தொட்டவுடன் பிடிக்கும். 2020-இல் 5.8 பதிப்பில் வந்த கேசிசான், ஒரு முகவரியைக் கண்காணிப்பில் வைத்துச் சற்றே காத்திருந்து, பூட்டில்லாமல் வேறு யாராவது தொடுகிறார்களா என்று பார்க்கும். படி 2-இல் நீங்கள் செருகிய வெற்றுச் சுழற்சியைப் போன்ற உத்திதான் இது, ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவில். இருந்தாலும் டர்ட்டி கௌ போன்ற பிழையை இவை பிடிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அங்கே ஒவ்வொரு தொடுதலும் பூட்டோடுதான் நடந்தது.

படி 12: உங்கள் கையால் ஒன்று எழுதுங்கள்

எக்ஸ்வி6-இல் ஃபோர்க்கின்போது பக்கங்களைப் படியெடுக்காமல் பகிர்ந்துகொள்ளும் வசதியைச் சேருங்கள். எம்ஐடியின் பயிற்சிகளில் இதுவும் உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்ற எண்ணிக்கை வேண்டும், அதற்கொரு பூட்டு வேண்டும். எண்ணிக்கையைக் குறைப்பதும் பூஜ்யமா என்று பார்ப்பதும் ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும், இதைப் பெரும்பாலோர் சரியாகவே செய்துவிடுவார்கள்.

தடுமாறும் இடம் வேறு. எண்ணிக்கை 1 என்றால் படியெடுக்காமல் அதே பக்கத்தில் எழுதலாம் என்று ஒரு சிக்கனம் செய்வீர்கள். இரண்டு செயல்முறைகள் ஒரு பக்கத்தைப் பகிர்கின்றன, எண்ணிக்கை 2. முதல் செயல்முறை எழுத வருகிறது. உங்கள் நிரல் எண்ணிக்கையை 1 ஆகக் குறைத்துவிட்டு, பிறகு பக்கத்தைப் படியெடுக்கத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் இரண்டாவது செயல்முறையும் எழுத வருகிறது. எண்ணிக்கை 1 என்று பார்க்கிறது, பக்கம் தனக்கே சொந்தம் என்று எழுதத் தொடங்குகிறது. முதல் செயல்முறையின் படியில் பாதி பழைய தரவு, பாதி அடுத்தவர் எழுதிய புதிய தரவு. எண்ணிக்கையைத் தொட்ட ஒவ்வொரு வரியும் பூட்டுக்குள்தான் இருந்தது.

படியெடுத்து முடித்த பிறகு எண்ணிக்கையைக் குறையுங்கள். இரண்டு பேரும் 2 என்று பார்த்து இரண்டு பேருமே படியெடுக்க நேரலாம், ஒரு படி கூடுதலாகும். கடைசியாகக் குறைப்பவர் பூஜ்யத்தைக் கண்டு பழைய பக்கத்தை விடுவிப்பார். முதலில் தவறான வரிசையில் எழுதி, படியெடுக்கும் சுழலுக்குள் தாமதத்தைச் செருகி, தரவு கலங்குவதைத் திரையில் பார்த்துவிட்டுப் பிறகு வரிசையை மாற்றுங்கள்.